சாத்தன்: ஒரு பெயரின் நெடுவழி



தமிழ் இலக்கண உரைகளைக் கொஞ்சமேனும் புரட்டியவர்கள் இரண்டு பேரை அறிவார்கள். ஒருவன் சாத்தன், இன்னொருவன் கொற்றன். எழுவாய்க்கு எடுத்துக்காட்டு வேண்டுமா, சாத்தன் வருவான். வேற்றுமை உருபை விளக்க வேண்டுமா, சாத்தனை ஒருவர் அடிப்பார், சாத்தனோடு ஒருவர் நடப்பார், சாத்தனுக்கு ஒருவர் பெண் கொடுக்க இசைவார். இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர், நன்னூலுக்கு உரை கண்டவர்கள் என்று பல நூற்றாண்டுகள் அவன் உண்கிறான், உறங்குகிறான், ஊருக்குப் போகிறான். வடமொழி இலக்கணக்காரர்களுக்குத் தேவதத்தன் எப்படியோ, நம்மவர்களுக்குச் சாத்தன் அப்படி. வடமொழி இலக்கண மரபை நன்கு கற்ற சேனாவரையரும் சாத்தனை எடுத்தாண்டார்.

எடுத்துக்காட்டுக்கு எடுக்கும் பெயர் கேட்பவரை நிறுத்திவைக்கக் கூடாது. யாரப்பா இவன், எந்த ஊர், எந்தக் குலம் என்ற கேள்வி எழுந்துவிட்டால் எடுத்துக்காட்டு கெட்டது. எல்லா வீட்டிலும் இருக்கக்கூடிய பெயர்தான் அந்த இடத்தில் நிற்கும். அப்படி எல்லா வீட்டிலும் இருந்த ஒரு பெயர் எங்கே பிறந்தது, யார் யாரிடம் இருந்தது, எப்படி நம் வீடுகளை விட்டுப் போனது என்பதைத்தான் இன்று பேச எடுத்துக்கொண்டேன். அரசர்களின் பெயர்களுக்கு வரலாறு எழுதியாகிவிட்டது. சாத்தனுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது அரசர்களின் வரலாற்றைவிட அகலமானது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தொல்காப்பியத்திலிருந்து தொடங்கலாம். ஒருவனுடைய இயற்பெயரோடு தந்தை என்ற முறைப்பெயர் சேரும்போது என்ன நேரும் என்று எழுத்ததிகாரம் விதி சொல்கிறது. தந்தையின் முதலில் உள்ள தகரமெய் போகும், இயற்பெயரின் இறுதியில் உள்ள அன் போகும். சாத்தனுக்குத் தந்தை சாத்தந்தை. கொற்றனுக்குத் தந்தை கொற்றந்தை. ஆதன், பூதன் என்ற இரண்டு பெயர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்து ஆந்தை, பூந்தை என்று ஆகும். இந்த விதியைப் படிக்கும் மாணவர்கள் இதைத் தேர்வுக்கு மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் இது வெறும் புணர்ச்சி விதி அல்ல. பிள்ளை பெயரைச் சொல்லி அப்பனை அழைக்கும் வழக்கம் அன்றே இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேறில்லை. நேரில் காணாமலே கோப்பெருஞ்சோழனோடு நட்புக் கொண்டு அவனுக்காக உயிர்விட்ட பிசிராந்தையார், பிசிர் என்ற ஊரில் ஆதனுக்கு அப்பனாக இருந்தவர். அவருடைய சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.

கொங்கு நாட்டுக்குப் போய்ப் பாருங்கள். கொங்கு வேளாளக் கவுண்டர்களின் கூட்டப் பெயர்களில் சாத்தந்தை உண்டு, ஆந்தையும் உண்டு. திருமணப் பேச்சில் முதல் கேள்வியே என்ன கூட்டம் என்பதுதான். ஒரே கூட்டத்தார் பங்காளிகள், பெண் கொடுத்து எடுக்க மாட்டார்கள். அந்தக் கேள்விக்குச் சாத்தந்தை என்று விடை சொல்லும் ஒருவர், இலக்கணம் படித்திருந்தாலும் படிக்காவிட்டாலும், தொல்காப்பிய விதி ஒன்றைத் தன் வாயால் சொல்லிவிடுகிறார். நூலில் எடுத்துக்காட்டாக நிற்கும் சொல் இன்றும் ஒரு குடியின் அடையாளமாக நடமாடுகிறது.

அதே கொங்கு மண்ணில்தான் நான் மிகவும் போற்றும் ஒரு சாத்தன் தன் கையால் பெயர் எழுதிவைத்திருக்கிறான். ஈரோட்டுக்கு அருகிலுள்ள அரச்சலூரில், புலவர் செ. இராசு உலகறியச் செய்த அந்தக் கல்வெட்டு, தமிழ் பிராமி வட்டெழுத்தாக உருமாறிக்கொண்டிருந்த காலத்து எழுத்தில் உள்ளது. ஐந்து வரி, வரிக்கு ஐந்து எழுத்து. ஆடலுக்குரிய தாளச் சொற்கள், இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் படித்தாலும் ஒன்றாகவே ஒலிக்கும்படி கட்டப்பட்டுள்ளன. இந்த எழுத்துகளை இயைத்தவன் மணிவண்ணக்கன் தேவன் சாத்தன் என்று பக்கத்தில் பொறித்திருக்கிறது. வண்ணக்கன் என்றால் நாணயமும் மணியும் தரம் பார்ப்பவன். கொடுமணலில் கல்மணி செய்த பட்டறைகள் இருந்த நாடு அது. பகலெல்லாம் மணியைக் கண்ணருகே வைத்துக் குற்றம் பார்த்தவனுக்குத் தாளமும் தெரிந்திருந்தது. தேவன் சாத்தன் என்றால் தேவனின் மகன் சாத்தன். தந்தை பெயர் முன்னே, தன் பெயர் பின்னே. நம்முடைய முதலெழுத்து வழக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது.

இன்னொரு சாத்தனைக் காண வெகுதூரம் போக வேண்டும். எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல்-கதீம் என்ற இடம். ரோமானியர் காலத்தில் அதன் பெயர் மியோஸ் ஹோர்மோஸ். பருவக்காற்றைப் பிடித்து இந்தியாவுக்கு வரும் கப்பல்கள் புறப்பட்ட துறைமுகங்களில் அது ஒன்று. சிகாகோ பல்கலைக்கழகத்தார் 1978க்கும் 1982க்கும் இடையில் அங்கே அகழ்ந்தபோது தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தன. ஐராவதம் மகாதேவன் அவற்றில் இரண்டு பெயர்களைப் படித்தார். ஒன்று கணன், அதாவது கண்ணன். மற்றொன்று சாதன், அதாவது சாத்தன். ஒற்றெழுத்தை இரட்டிக்காமல் எழுதுவது அக்கால வழக்கம். கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டிய காலம். பானை அவனுடையது என்று மற்றவர்கள் அறியத்தான் அவன் பெயரைக் கீறியிருக்கிறான். கீழடியில் ஆதன், குவிரன் ஆதன் என்று தம் பெயரைக் கீறிவைத்தவர்களும் செய்தது இதையேதான். ஆனால் கீழடியான் தன் ஊரில் இருந்து எழுதினான். இந்தச் சாத்தன் கடல் கடந்த பின்னும் தன் எழுத்தில் தன் பெயரை எழுதிக்கொண்டான்.

சங்கப் புலவர்களில் சாத்தனார்களை எண்ணத் தொடங்கினால் ஒரு சிறிய ஊரே எழுந்துவிடும். சீத்தலைச் சாத்தனார், பெருந்தலைச் சாத்தனார், ஆலம்பேரி சாத்தனார், கதப்பிள்ளைச் சாத்தனார், மோசி சாத்தனார், ஆடுதுறை மாசாத்தனார், ஒக்கூர் மாசாத்தனார். ஒக்கூரிலிருந்து மாசாத்தியார் என்ற பெண்பாற் புலவரும் வருகிறார். ஒரே வேரில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். ஊர்ப்பெயரோ உடற்குறியோ முன்னால் ஒட்டாமல் இவர்களைப் பிரித்தறிய முடியாது என்ற அளவுக்குப் பெயர் பெருகியிருந்தது. சீத்தலைச் சாத்தனார் பிறர் பாட்டில் பிழை கண்டபோதெல்லாம் எழுத்தாணியால் தன் தலையைக் குத்திக்கொண்டு சீழ்த்தலையர் ஆனார் என்று ஒரு கதை உலவுகிறது. அதைப் பள்ளிகளில் இன்னமும் சொல்லிக்கொடுப்பது எனக்கு வருத்தம் தருகிறது. சீத்தலை என்பது ஊர். மணிமேகலை தந்த ஒருவரை நாம் இப்படி நினைவில் வைத்திருக்கக் கூடாது.

புலவர்கள் ஒரு பக்கம் இருக்க, பாடப்பட்டவர்களிலும் சாத்தன்கள் உண்டு. பாண்டியன் கீரஞ்சாத்தனை ஆவூர் மூலங்கிழார் பாடினார். சோழநாட்டுப் பிடவூர் கிழார் மகன் பெருஞ்சாத்தனை நக்கீரர் பாடினார். இவர்களையெல்லாம்விட என் மனத்தில் நிற்பவன் ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன். அவன் இறந்தபின் குடவாயிற் கீரத்தனார் பாடியது புறநானூற்றின் 242ஆம் பாட்டு. முல்லை மலர்ந்திருக்கிறது. அதைச் சூட இளைஞர்களுக்கு மனமில்லை, வளையணிந்த பெண்கள் பறிக்கவில்லை, பாணன் தொடவில்லை, பாடினி தொடவில்லை. பெருஞ்சாத்தன் போன பிறகு இந்த நாட்டில் உனக்குப் பூக்கவும் தோன்றியதா என்று புலவர் முல்லையைக் கேட்கிறார். தமிழில் எத்தனையோ கையறுநிலைப் பாட்டுகள் உண்டு. பேரரசன் எவனும் பெறாத ஒரு பாட்டை ஒரு சிற்றூர்த் தலைவனின் மகன் பெற்றிருக்கிறான்.

இத்தனை பேரிடம் இருந்த பெயர் எங்கிருந்து வந்தது? இதில் அறிஞர்கள் ஒருமித்துப் பேசவில்லை. மயிலை சீனி. வேங்கடசாமி பௌத்தமும் தமிழும் என்ற நூலில், சாஸ்தா என்பது புத்தருக்குரிய பெயர், அதுவே சாத்தன் என்று தமிழில் வழங்கியது என்றார். பாலி மொழியில் ஆசிரியனைக் குறிக்கும் சத்தா புத்தருக்கு வழங்கும் பெயர் என்பது உண்மை. மணிமேகலை ஆசிரியர் சாத்தனாராக இருப்பதும் இதற்குத் துணை செய்வதுபோலத் தோன்றும். வேங்கடசாமியின் நூலுக்கு நான் பெரிதும் கடமைப்பட்டவன். ஆனாலும் இந்த இடத்தில் அவரோடு முழுவதும் உடன்பட என்னால் முடியவில்லை. அரசகுலத்தான், ஊர்கிழான் மகன், மணி பார்ப்பவன், கப்பலேறியவன் என்று எல்லாத் திசையிலும் பரவிய பெயரை ஒரு சமயத்துக்குள் அடக்க இயலாது.

சங்கப் பாட்டுகளிலேயே சாத்து என்ற சொல் உண்டு. கூட்டமாகச் சேர்ந்து பொதியேற்றிச் செல்லும் வணிகர் குழுவுக்கு அது பெயர். மிளகுப் பொதி சுமந்த கழுதைகளோடு ஆயுதம் தாங்கிச் செல்லும் சாத்தைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. பாலை வழியில் ஆறலைப்போர் சாத்தை மறித்துக் கொள்ளையிடுவதை அகநானூறு சொல்கிறது. வடமொழி சார்த்தம், பாலி சத்தம், தமிழ்ச் சாத்து மூன்றும் உறவுடையவை. கோவலனின் தந்தை மாசாத்துவான், பெரும் வணிகக் கூட்டத்தின் தலைவன் என்பதே அவன் பெயரின் பொருள். மணிமேகலை ஆசிரியரைப் பதிகம் கூலவாணிகன் சாத்தன் என்கிறது. தானியம் விற்றவர். அரச்சலூரான் மணி வணிகத்தைச் சார்ந்தவன். குசேரில் பானையை விட்டுவந்தவன் கடல் வணிகத்தோடு போனவன். இந்தச் சான்றுகளை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது, வணிக வழியில் பிறந்து, வழியோரத்து ஊர்களில் எல்லாக் குடியிலும் இறங்கிவிட்ட பெயர் இது என்று சொல்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நூல்களும் கல்வெட்டுகளும் எழுந்த காலத்தில் அது ஏற்கெனவே பொதுச்சொத்தாகிவிட்டது.

கல்வெட்டுகளுக்கு வருவோம். திருப்பரங்குன்றம் குடைவரையில் கலியுக ஆண்டு 3874 என்று காலம் குறித்த கல்வெட்டு ஒன்று உண்டு. கி.பி. 773. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் காலம். கரவந்தபுரத்து வைத்திய குலத்தைச் சேர்ந்த சாத்தன் கணபதி என்ற மகாசாமந்தன் கோயிலைத் திருத்தி, குளத்தையும் சீர் செய்தான். அவன் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் சேட்டைத் தேவிக்கும் கோயில் எடுத்தாள். கொற்றி என்பது கொற்றனின் பெண்பால். உரையாசிரியர்களின் இரண்டு பெயர்களும் ஒரே வீட்டில், ஒரே மலையில், உண்மையான மனிதர்களின் பெயர்களாக நிற்கின்றன.

புதுக்கோட்டை வட்டாரத்து நார்த்தாமலையில் விடேல்விடுகு முத்தரையன் மகன் சாத்தன் பழியிலி, பல்லவன் நிருபதுங்கனின் 7ஆம் ஆட்சியாண்டில் குடைவரை எடுத்தான். அவன் மகள் பழியிலி சிறியநங்கை அதற்கு முகமண்டபமும் நந்தியும் சேர்த்தாள். சாத்தன் என்ற முத்தரையனின் மகன் பழியிலி, பழியிலியின் மகள் சிறியநங்கை. மூன்று தலைமுறை இரண்டு பெயர்த் தொடர்களில் விளங்கிவிடுகிறது. அதே 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் ஆட்சியில், இருப்பைக்குடி கிழவன் எட்டிசாத்தன் குளங்கள் வெட்டினான், கோயில்கள் எழுப்பினான். அவன் செய்தவற்றைச் சாத்தூர் வட்டாரத்து எருக்கங்குடிக் கல்வெட்டு சொல்கிறது. எட்டி என்பது அரசர் வணிகர்க்குத் தந்த சிறப்புப் பெயர். மழை பொய்த்துப்போகும் அந்தக் கரிசல் சீமையில் குளம் வெட்டுவது என்ன வகையான காரியம் என்று அங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும்.

மனிதர்களிடம் இருந்த இந்தப் பெயர் தெய்வத்துக்கும் உரியது. சிலப்பதிகாரத்தில் கனாத்திறம் உரைத்த காதையில் பாசண்டச் சாத்தன் வருகிறான். மாற்றாளின் குழந்தைக்குப் பால் புகட்டும்போது அது விக்கி இறந்துவிட, பழிக்கு அஞ்சி மாலதி கோயில் கோயிலாக அலைகிறாள். அவளுடைய துன்பம் தீரச் சாத்தன் தானே அந்தக் குழந்தையாகி வளர்கிறான். தேவந்தி என்ற பெண்ணை மணந்து எட்டாண்டு வாழ்ந்துவிட்டுத்தான் தன் உண்மை உருவைக் காட்டிப் போகிறான். ஒரு பெண்ணின் பழி தீர மனிதப் பிறப்பையே ஏற்றுக்கொண்ட தெய்வம் இது. அப்பர் சாத்தனைச் சிவபெருமானின் மகனாகப் பாடுகிறார். இன்று ஐயனார் என்றும் சாஸ்தா என்றும் கும்பிடுகிறோம். ஊர் எல்லையில், ஏரிக்கரையில், குதிரைகள் சூழ அமர்ந்திருக்கிறார். நெல்லைச் சீமையில் பங்குனி உத்திரத்தன்று குடும்பங்கள் எங்கிருந்தாலும் புறப்பட்டுத் தங்கள் சாஸ்தாவைத் தேடிப் போகின்றன. சாஸ்தா தெரியாத குடும்பம் அங்கே தலைகுனிந்து விசாரிக்கும். வழியையும் எல்லையையும் காக்கும் தெய்வத்துக்கு வழிப்போக்கு வணிகரின் பெயர் அமைந்திருப்பதை நான் தற்செயல் என்று கருதவில்லை.

இந்தப் பெயரைத் தாங்கிய ஊர்களும் பல. திருமூலர் எவன் உடலில் புகுந்தாரோ அந்த இடையன் மூலன் வாழ்ந்த சாத்தனூர், கல்மரம் கிடக்கும் பெரம்பலூர்ச் சாத்தனூர், தென்பெண்ணை அணைச் சாத்தனூர், பிறகு சாத்தூர், சாத்தமங்கலம், கொல்லம் பக்கத்துச் சாத்தன்னூர்.

ஆனால் இந்த அரங்கில் சாத்தன் என்று பெயருள்ளவர் ஒருவரும் இருக்க மாட்டார். ஏன்? தேவார காலத்துக்குப் பின் பிள்ளைகளுக்குக் கோயில் மூலவரின் பெயரையும் தலத்தின் பெயரையும் இடும் வழக்கம் ஓங்கியது. சாத்தன், கொற்றன், ஆதன், பூதன், கீரன் என்று மூன்று நான்கு எழுத்தில் நின்ற பழம்பெயர்கள் பின்தள்ளப்பட்டன. உரையாசிரியர்கள் மட்டும் அவற்றை விடவில்லை. வாழும் பெயர் மரபுப் பெயராகிவிட்டது.

கேரளத்தில் கதை வேறு. அங்கே பெயர் போகவில்லை, படியிறக்கப்பட்டது. புலையர், பறையர் முதலிய உழைக்கும் மக்களின் ஆண்பெயராகச் சாத்தன் ஒதுங்கியது. குறும்பும் தொல்லையும் செய்யும் குட்டிச்சாத்தனாகவும் ஆனது. மேல்சாதியார் வீட்டில் அந்தப் பெயர் இல்லை, அதனால் அதைச் சொன்னாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். எல்லாரிடமும் இருந்ததால் எடுத்துக்காட்டான பெயர், சாதியைக் காட்டிக்கொடுக்கும் பெயராக மாறியது. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க நான் விரும்பவில்லை.

அந்த மக்களின் நினைவு வேறு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது. பறைச்சி பெற்ற பன்னிரு குலம் என்ற மலையாளப் பழங்கதையில் அகவூர்ச் சாத்தன் ஒருவர். நம்பூதிரி ஒருவருக்கு ஊழியம் செய்தவர். பரம்பொருள் எப்படி இருக்கும் என்று அவர் கேட்க, நம்ம மாடன் எருமைக்கடா மாதிரி இருக்கும் என்று நம்பூதிரி விளையாட்டாகச் சொல்லிவிட்டார். சாத்தன் அதையே நம்பித் தியானித்தார், அதே உருவில் கண்டார், அவருக்குப் பின்னால் அது எங்கும் நடந்துவந்தது. நம்பூதிரிக்கு அது தெரியவில்லை. பிறகு அவர்தான் சாத்தனைப் பணிந்தார். கதையில் மட்டுமல்ல, 1957இல் இ. எம். எஸ். தலைமையில் கேரளத்தின் முதல் அமைச்சரவை பதவியேற்றபோது அதில் பி. கே. சாத்தன் மாஸ்டர் அமைச்சராக இருந்தார். தலித் மக்களின் போராட்டங்களிலிருந்து வந்தவர். பெயரை மாற்றிக்கொள்ளாமல் அமைச்சரானார்.

தமிழ்நாட்டில் இந்தப் பெயருக்கு இன்னொரு நெருக்கடியும் வந்து சேர்ந்தது. விவிலிய மொழிபெயர்ப்பின் வழியாக எபிரேயச் சொல்லான சாத்தான் தமிழில் பரவியது. நம் சாத்தனுக்கும் அதற்கும் எள்ளளவும் உறவில்லை. ஒலி ஒற்றுமை ஒன்றுதான். ஆனால் அந்த ஒற்றுமையே போதுமாக இருந்தது. சாத்தான்குளத்தின் பெயரைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் புருவம் உயர்த்துகிறார்கள். அந்த ஊரின் பெயரும் சாத்தன் என்ற தெய்வப் பெயரின் வழிவந்தது என்பதே என் கருத்து.

முழுவதும் மறைந்துவிட்டதா என்றால், இல்லை. செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் சாத்தப்பன் இன்றும் இருக்கிறார். சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் சாத்தையா இருக்கிறார். பேரனுக்குப் பாட்டனார் பெயரை இடும் வழக்கம் நகரத்தாரிடம் உறுதியாக இருப்பதால் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அந்தப் பெயர் திரும்பி வந்துகொண்டே இருக்கிறது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்கப் போன வணிகக் குடியிடம்தான் பெயர் தங்கியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இங்கே வந்திருக்கும் ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பாண்டியர், முத்தரையர், சோழர் கல்வெட்டுகளில் வரும் சாத்தன்களை நூற்றாண்டு வாரியாக, வட்டார வாரியாக, தொழில் வாரியாக யாராவது ஒருவர் தொகுக்க வேண்டும். அரசனின் பெயரைப் பார்த்துவிட்டுக் கல்வெட்டை மூடிவிடாதீர்கள். கையெழுத்திட்டவர், விளக்கெரிக்க ஆடு கொடுத்தவர், நிலம் விற்றவர் பெயர்களையும் எடுத்தெழுதுங்கள். அப்படியே நகரத்தார் குடும்பங்களின் பழைய திருமண ஏடுகளையும், தென்பாண்டிச் சாஸ்தா கோயில்களின் வரிக் கணக்குகளையும் கேட்டுப் பாருங்கள். பெயர் எந்தத் தலைமுறையில் எந்த வீட்டை விட்டுப் போனது என்பதை அவற்றிலிருந்துதான் அறிய முடியும். அந்தத் தொகுப்பை எடுத்துக்கொள்ள முன்வருபவருக்கு என்னிடமுள்ள குறிப்பேடுகளைக் கொடுத்துவிட ஆயத்தமாக இருக்கிறேன்.